கைமீறிய கடனும் மீளும் வழிகளும்

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வேண்டி அங்கத்தினர் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தாளில், “வேறு கடன்கள் உண்டா? உண்டெனில் விவரம்” என்று ஒரு வரி காணப்படும். அதற்கு நேரே பலர் எழுதும் விடை “இல்லை” என்பதே. அது உண்மையன்று என்பது எழுதுபவருக்குத் தெரியும். ஜாமீன் கையெழுத்திடும் அண்டை வீட்டாருக்கும் தெரியும். பல வேளைகளில் தாளை வாங்கி வைக்கும் காரியதரிசிக்கும் தெரியும். உண்மையை எழுதினால் கடன் கிடைக்காதோ என்ற அச்சமும், நாலு பேர் அறிந்தால் மதிப்புக் குறையுமே என்ற கூச்சமும் சேர்ந்து அச்சிறு பொய்யை எழுத வைக்கின்றன.

இம்மாதப் பாடத்தை அந்த வரியிலிருந்தே தொடங்குவோம். மறைத்து வைத்த கடனுக்கு வழி தேட எவராலும் இயலாது. எழுதிக் கணக்கிட்ட கடனுக்கு, அது எத்துணைப் பெரிதாயினும், ஏதேனும் ஒரு வழி உண்டு. அவ்வழிகள் யாவை, ஒவ்வொன்றும் எத்தகைய குடும்பத்திற்குப் பொருந்தும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை யாது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

1. கைமீறியது என்பதற்கு அடையாளம்

கடன் வாங்குவதே குற்றம் என்று கூட்டுறவாளர் எவரும் சொல்லார். விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் களத்துமேட்டில் தீர்கின்றது. நூலுக்கும் தறிக்கும் வாங்கிய கடன் துணி விற்ற பணத்தில் தீர்கின்றது. தன்னைத் தானே தீர்த்துக்கொள்ளும் வல்லமை உள்ள கடன் அது. திருமணம், மருத்துவம், வீட்டுச் செலவு ஆகியவற்றிற்கு வாங்கிய கடனுக்கு அவ்வல்லமை இல்லை. குடும்பத்தின் மிச்சப் பணத்திலிருந்தே அதனைத் தீர்த்தாக வேண்டும்.

ஆகவே கடன் கைமீறியதா என்று அறிய அசலின் தொகையைப் பார்ப்பது போதாது. மாதந்தோறும் ஏறும் வட்டியையும், மாதந்தோறும் குடும்பத்தில் மிஞ்சும் பணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வட்டி மிச்சத்தைவிடக் குறைவாயின் அது பாரமே ஒழிய ஆபத்தன்று. வட்டி மிச்சத்தை மிஞ்சினால், எவ்வளவு பாடுபட்டாலும் கடன் வளர்ந்துகொண்டே போகும். அதுவே கைமீறிய நிலை.

இங்கு ஒரு தடுமாற்றம் நேர்வதுண்டு. ஊரில் “இரண்டு வட்டி”, “ஐந்து வட்டி”, “பத்து வட்டி” என்று சொல்வது நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு ஆகும் ரூபாய். வங்கியும் சங்கமும் சொல்வது நூற்றுக்கு ஆண்டு ஒன்றுக்கு ஆகும் ரூபாய். “தனியாரிடம் ஐந்து, வங்கியில் பத்து, தனியாரே மேல்” என்று எண்ணி ஏமாந்தவர் உண்டு. ஐந்து வட்டி ஆண்டுக்கு 60. பத்து வட்டி ஆண்டுக்கு 120. எல்லாக் கடனையும் ஒரே அளவுகோலால் அளந்தாலன்றி உண்மை புலப்படாது.

தண்டலில் வட்டி இன்னும் மறைந்து கிடக்கும். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு நூற்றுக்குப் பதினைந்து போல் தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், கடனாளி கையில் சராசரியாக இருப்பது பெற்ற தொகையில் பாதியளவே. முறையாகக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 120-க்கு மேல் ஆகின்றது.

2. ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் நெய்யும் ஒரு குடும்பம். நெசவுக் கூலியும் பிறவும் சேர்ந்து மாத வருமானம் சராசரி 16,000 ரூபாய். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு தோயவும் இயலாது, குழித்தறியில் ஈரமும் ஏறும். அம்மாதங்களின் குறைந்த வருமானத்தையும் சேர்த்தே இச்சராசரி போடப்பட்டது. நல்ல மாதத்து வருமானத்தை மட்டும் வைத்துத் திட்டமிடுவது தவறு. உணவு, வாடகை, மின்சாரம், பிள்ளைகள் படிப்பு, மருந்து ஆகியவற்றிற்கு 12,000 ஆகின்றது. மிச்சம் 4,000.

அவர்களுடைய கடன்கள் வருமாறு:

பத்து வட்டிக் கடன் 20,000; மாத வட்டி 2,000.
புரோநோட்டின் மேல் ஐந்து வட்டிக் கடன் 40,000. மாத வட்டி 2,000.
அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்த நகைக் கடன் 60,000. மாத வட்டி 1,200.
மகளிர் குழு வழியாக நுண்கடன் நிறுவனத்தில் ஆண்டுக்கு 24 வட்டியில் பெற்றதில் பாக்கி 30,000. மாத வட்டி 600.
சங்கக் கடன் 25,000. ஆண்டுக்கு 12 வீதம் மாத வட்டி 250.
மளிகைக் கடை பாக்கி 5,000; வட்டி இல்லை.

மொத்தக் கடன் 1,80,000. மொத்த மாத வட்டி 6,050. மிச்சமோ 4,000. மாதம் 2,050 ரூபாய் துண்டு விழுகின்றது. அத்துண்டைப் புதுக்கடன் வாங்கியே அடைக்கிறார்கள். ஓராண்டில் 48,000 ரூபாய் கட்டிய பிறகும் கடன் 2,04,600-க்குக் குறையாமல் நிற்கும். “கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம், தீரவில்லையே” என்று இக்குடும்பம் பெருமூச்சு விடுவதன் காரணம் இதுவே. சோம்பலோ ஊதாரித்தனமோ இங்குக் காரணமன்று. 20,000-மும் 40,000-மும் ஆகிய இரண்டு கடன்கள் மட்டும் மிச்சம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன.

இக்கணக்கைக் கணவன் மட்டும் போட்டால் பயனில்லை. மனைவி வாங்கிய குழுக்கடன் கணவனுக்கும், கணவன் எழுதிய நோட்டு மனைவிக்கும் தெரியாத வீடுகள் பல. இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து, யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, என்ன ஈடு, எப்போது கெடு, ஜாமீன் யார் என்று ஆறு பத்திகளில் எழுதுதல் வேண்டும்.

3. செய்யத் தகாதவை

வழிகளைச் சொல்வதற்கு முன், அவசரத்தில் பலரும் இறங்கும் நான்கு பள்ளங்களைச் சுட்டுவோம்.

முதலாவது, ஈடில்லாக் கடனை அடைப்பதற்காகக் குடியிருக்கும் வீட்டை அடமானம் எழுதுதல். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சில பொருள்களை ஜப்தியிலிருந்து காக்கின்றது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழிற்கருவி, உழவரின் கலப்பை முதலிய கருவிகள், அவருக்கு இன்றியமையாத மாடும் விதைத் தானியமும், உழவரும் கூலித் தொழிலாளரும் தமக்குச் சொந்தமாகக் கொண்டு குடியிருக்கும் வீடு ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். வெறும் நோட்டுக் கடனுக்காகத் தறியை எவரும் தூக்கிச் செல்ல முடியாது. ஆனால் நீங்களே முன்வந்து வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை இக்காப்பு அற்றுப் போகும். சட்டம் தந்த வேலியைத் தாமே பிடுங்கி எறிவது அறிவுடைமையன்று.

இரண்டாவது, சங்கம் நெய்யக் கொடுத்த நூலையும் ஜரிகையையும் விற்பது அல்லது அடகு வைப்பது. அது பிறர் பொருள். கடனாளி என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்கு அது ஒருவரை இறக்கிவிடும்.

மூன்றாவது, நடக்கும் சீட்டைப் பெருந்தள்ளுபடிக்கு எடுத்து வட்டி கட்டுதல். தள்ளிய தொகையும் வட்டியே; பெயர்தான் வேறு.

நான்காவது, எழுதாத காசோலை, எழுதாத முத்திரைத்தாள், நிரப்பாத புரோநோட்டு ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தல். பின்னர் அதில் எத்தொகை எழுதப்படும் என்பது உங்கள் கையில் இல்லை.

4. முதல் வழி: வட்டியைக் குறைத்தல்

கடன் வாங்கிக் கடனை அடைப்பது பொதுவாகத் தவறே. மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறினால் மட்டும் அது சரியாகும்: புதுக் கடனின் வட்டி பழையதைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும், பணம் நேரே பழைய கடனுக்குச் சென்று, பழைய நோட்டு திரும்பக் கைக்கு வந்து கிழிக்கப்பட வேண்டும், மொத்தக் கடன் ஒரு ரூபாயும் ஏறக்கூடாது.

மேற்சொன்ன குடும்பத்தின் நகை 1,60,000 ரூபாய் பெறும் என்று கொள்வோம். அதனைக் கூட்டுறவு வங்கியில் ஆண்டுக்குப் பத்து வட்டியில் வைத்து 1,20,000 பெற்றால், அடகுக் கடை 60,000, பத்து வட்டி 20,000, ஐந்து வட்டி 40,000 ஆகிய மூன்றும் தீர்ந்துவிடும். மொத்தக் கடன் அதே 1,80,000-தான். ஆனால் மாத வட்டி 6,050-லிருந்து 1,850-க்கு இறங்கிவிட்டது. அதே 4,000 மிச்சத்தில் இப்போது 2,150 அசலுக்குச் செல்கின்றது. வட்டி மிகுந்ததை முதலில் அடைத்துக்கொண்டு போனால், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் எல்லாக் கடனும் தீரும். அதற்குள் கட்டும் வட்டி மொத்தம் ஏறக்குறைய 50,000 ஆகும்.

இதில் இரண்டு இடையூறுகள் உண்டு. அடகுக் கடையிலுள்ள நகையை மீட்க முதலில் ரொக்கம் வேண்டும். நகைகள் தனித்தனிச் சீட்டாக வைக்கப்பட்டிருந்தால், சிறியதை முதலில் மீட்டு, அதனை வங்கியில் வைத்து, அப்பணத்தால் அடுத்ததை மீட்கலாம். ஒரே சீட்டாயின் உறவினரிடம் ஒரு நாள் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். மற்றொன்று, நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஓராண்டுக் கெடு. கெடு முடிவில் வட்டி கட்டிப் புதுப்பிக்க இயலுமா, இடையில் அசலைச் சிறிது சிறிதாகக் கட்டலாமா என்பவற்றை முன்பே கேட்டறிதல் வேண்டும்.

5. இரண்டாம் வழி: விற்றுத் தீர்த்தல்

அந்நகையை விற்றுவிட்டால் என்ன? 1,60,000 ரூபாயில் அடகுக் கடை, பத்து வட்டி, ஐந்து வட்டி, நுண்கடன் ஆகிய நான்கும் 1,50,000-க்குத் தீரும். எஞ்சிய 10,000-த்தில் மளிகைக் கடைக்கு 5,000, சங்கத்திற்கு 5,000. பாக்கி நிற்பது சங்கக் கடன் 20,000 மட்டுமே. மாதம் 4,000 வீதம் ஆறு மாதத்திற்குள் அதுவும் தீர்ந்துவிடும். கட்டும் வட்டி சில நூறு ரூபாயே. முதல் வழியில் ஐந்தாண்டு ஆவது இங்கு ஆறு மாதம். அதன் பின்னர் அதே 4,000 ரூபாயைச் சேமித்து வந்தால், முதல் வழியில் கடன் தீரும் காலத்தில் இக்குடும்பத்தின் கையில் இரண்டு லட்சம் ரூபாய்க்குமேல் சேர்ந்திருக்கும்.

பொன்விலை ஏறினால் அத்தொகைக்கு அவ்வளவு பொன் கிடைக்காது போகலாம் என்பது உண்மையே. அன்றியும், நகை பெரும்பாலும் மனைவியின் சீதனம். அவர் மனமொப்பாமல் அதனை விற்கும் உரிமை கணவனுக்கு இல்லை. கணக்கை அவர் முன் வைத்து, முடிவை அவரிடம் விடுவதே நெறி. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அடகுக் கடையில் வட்டி கட்டாமல் கிடந்து ஏலம் போகும் நகையும் விற்ற நகைதான். வேறுபாடு, அப்போது விலையைப் பிறர் நிர்ணயிக்கின்றனர்.

விற்க நகை இல்லாத வீட்டில் ஓடாத இரண்டாம் தறி, பயன்படாத மனைத்துண்டு, தவணையில் வாங்கிய வண்டி என ஏதேனும் இருக்கலாம். கூலி ஈட்டித் தரும் பொருளை மட்டும் விற்கலாகாது. ஓடும் தறியையும் பால் தரும் பசுவையும் விற்று அடைத்த கடன் மீண்டும் வரும். தறியும் பசுவும் மீண்டும் வாரா.

6. மூன்றாம் வழி: நேரில் பேசித் தீர்த்தல்

கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிவது இயல்பு. ஆனால் ஒளியும் கடனாளியிடம் அவருக்குச் சந்தேகமும், எதிர்வந்து பேசுபவரிடம் நம்பிக்கையும் தோன்றும். கணக்குத் தாளைக் கையில் கொண்டு சென்று, “மாதம் இவ்வளவே என்னால் இயலும், இன்று முதல் ஏறும் வட்டியை நிறுத்தினால் அசலை இத்தனை மாதத்தில் கட்டுவேன்” என்று கூறலாம். இயலாத தொகையை வாக்களிப்பது கூடாது. முதல் தவணையிலேயே வாக்குத் தவறினால் மறுபடி பேச வாய்ப்பிராது.

ஒப்பந்தம் எதுவாயினும் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது அல்லது நோட்டின் பின்புறத்தில் வரவு பெறுக. வங்கி வழியாகச் செலுத்தினால் அதுவே சான்றாகும். முழுதும் தீர்ந்த அன்று நோட்டையும் காசோலையையும் திரும்பப் பெறாமல் எழுந்து வரலாகாது.

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்த நெறிகளை அங்கத்தினர் அறிந்திருத்தல் நன்று. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. நுண்கடனுக்கு ஈடு கேட்கலாகாது. முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைத்துத் தொல்லை தரலாகாது.

சங்கக் கடனுக்கும் இதுவே முறை. கெடு தவறிய பின் நோட்டீசு வரும்வரை காத்திராமல், கெடுவிற்கு முன்பே நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கொடுத்துத் தவணையை மாற்றிக் கேட்க வேண்டும். இயற்கைச் சேதத்தால் விளைச்சல் போன காலத்தில் பயிர்க் கடனை நீண்ட தவணையுள்ள கடனாக மாற்றித் தரும் ஏற்பாடு உண்டு. பயிர்க் கடனைக் கெடுவுக்குள் செலுத்தும் உழவருக்குத் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் வட்டியே இல்லை. அச்சலுகையை இழந்து, வெளியே ஐந்து வட்டிக்குக் கட்டிக்கொண்டிருப்பது தலைகீழ்க் கணக்கு.

தள்ளுபடியை எதிர்பார்த்துக் காத்திருப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2021-இல் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் உழவரின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. பலருக்கு அது உயிர் கொடுத்தது. எனினும் அடகுக் கடைக் கடனும் கந்துக் கடனும் அதில் சேரவில்லை. குடும்பத்தை அரிப்பவை பெரும்பாலும் அவையே.

7. நான்காம் வழி: சட்டத்தின் துணை

பேச்சுக்கு இணங்காது கொடுமை செய்பவரிடம் அஞ்சிக் கிடக்க வேண்டுவதில்லை. 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் முதலியவற்றைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கடனாளி தாம் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்திக் கணக்கை முடிக்கவும் அச்சட்டம் வழி செய்கின்றது. கடன் வசூலில் மிரட்டல், வன்முறை முதலிய வலுக்கட்டாயச் செயல்களைத் தண்டிக்க 2025-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது.

முன்பணம் வாங்கிய காரணத்தால் ஒரே முதலாளிக்கே நெய்தாக வேண்டும் என்று கட்டுண்டு கிடக்கும் நெசவாளர் அறிய வேண்டுவது: கடனைக் காட்டி ஒருவரை உழைப்பில் பிணைத்து வைப்பதை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்து, அத்தகைய கடனையே செல்லாததாக்கிவிட்டது.

கடனுக்காகச் சிறைக்குப் போக வேண்டும் என்ற அச்சமும் பலரை வாட்டுகின்றது. வெறும் இயலாமைக்காக எவரையும் உரிமையியல் சிறையில் வைக்கலாகாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்ட வசதி இருந்தும் மறுப்பவருக்கும், சொத்தை மறைப்பவருக்கும் உரியது அச்சிறை. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்தல் அறவே கூடாது. காசோலை திரும்பினால் வரும் வழக்கு மட்டும் வேறு வகை. அது குற்ற வழக்கு. காசோலையில் கையெழுத்திடும்போது எச்சரிக்கை வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே.

மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்டங்களில் அதன் குழுக்களும் இயங்குகின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வரையறுத்த வருமானத்திற்கு உட்பட்டோர் ஆகியோருக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம். அவ்வமைப்பு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் இசைந்து எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பாகும். அதன்மேல் அப்பீல் கிடையாது. வங்கிக் கடன்களில் வட்டியைக் குறைத்து ஒரே தொகையாகத் தீர்த்துக்கொள்ள இவ்விடம் ஏற்றது.

8. கடைசி வழி: நொடிப்பு மனு

“மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்” என்று ஊரார் இழிவாகப் பேசும் இன்சால்வென்சி மனுவும் சட்டம் அளித்த ஒரு வழியே. தனி மனிதர் நொடிப்புக்காக 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிய பகுதி எழுதப்பட்டிருந்தாலும், 2019 டிசம்பர் முதல் அது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொணரப்பட்டது. ஆதலின் மாவட்டங்களில் உள்ள சாதாரணக் குடும்பத்தார் நாட வேண்டியது 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தையே.

நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என அறிவித்ததும், அவருடைய சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குச் சென்று கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும். ஜப்தி செய்யக்கூடாத தறி, பாத்திரம் முதலியன அதில் சேரா. நேர்மையாக நடந்தவருக்குக் குறித்த காலத்தில் விடுதலை கிடைக்கும். அதன்பின் பழைய கடன்கள் அவரைத் தொடரமாட்டா. மோசடியால் வந்த கடனுக்கும் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கும் விடுதலை இல்லை.

இவ்வழியின் விலையை மறைக்கலாகாது. கடனாளிக்குக் கிடைக்கும் விடுதலை ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது. நீங்கள் விடுபட்ட மறுநாள், உங்களுக்காகக் கையெழுத்திட்ட அடுத்த தறிக்காரர்மேல் முழுப் பாரமும் இறங்கும். எனவே மனுச் செய்வதற்கு முன் ஜாமீன்தாரரிடம் உண்மையைச் சொல்லி, அவர் கையெழுத்திட்ட கடனை மட்டுமாவது இயன்றவரை குறைத்துவிட முயல்வது கடமை. வருமானத்தில் மிச்சமே இல்லாமல், விற்கப் பொருளும் இல்லாமல், கடனோ ஆண்டு வருமானத்தைப் பல மடங்கு மீறிய குடும்பத்திற்கே இவ்வழி. அந்நிலையில் மேலும் கடன் தேடுவதைவிட இதுவே நேர்மையானது.

9. சங்கத்தின் கடமை

சென்னை மாகாணத்தில் உழவரின் கடன் சுமையை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் அளித்த அறிக்கையிலிருந்தே இந்நாட்டுக் கூட்டுறவு முளைவிட்டது. 1904-இல் சட்டம் பிறந்தது. நம் முன்னோர் அச்சங்கங்களை “நாணயச் சங்கம்” என்றே அழைத்தனர். பணத்திற்கும் சொல் தவறாமைக்கும் ஒரே சொல்லாக அமைந்தது எத்துணைப் பொருத்தம்! கடனில் மூழ்கியவரைக் கைதூக்குவதற்கென்றே எழுந்த அமைப்பில், கடனைச் சொல்ல அங்கத்தினர் அஞ்சுவாராயின் குறை அவரிடம் மட்டும் இல்லை.

உண்மையை எழுதிய அங்கத்தினரின் விண்ணப்பத்தைத் தள்ளி, “இல்லை” என்று எழுதியவருக்குக் கடன் வழங்கும் சங்கம், பொய்யைத் தானே கற்பிக்கின்றது. வேறு கடன் உண்டு என்று எழுதியவரிடம், “அதைத் தீர்க்க நாம் என்ன செய்யலாம்?” என்று கேட்பதே நிர்வாகக் குழுவின் முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். அவர் சொன்ன விவரம் குழு அறையைவிட்டு வெளியேறலாகாது. மாதம் ஒரு நாள், கணக்கறிந்த ஒருவர் அமர்ந்து, விரும்பும் குடும்பங்களுக்குக் கடன் தாள் எழுத உதவலாம். கூலியில் ரூபாய்க்கு இவ்வளவு என்று பிடிக்கப்படும் சேமிப்பு நிதியும், தீபாவளி போனசும் கடன் தீர்ப்பதற்கு எவ்வாறு பயன்படும் என்று எடுத்துரைக்கலாம்.

கடனால் மனம் ஒடிந்து, உயிரை விடலாம் என்ற எண்ணம் எவருக்கேனும் தோன்றினால், அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 104 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். மேலே கண்ட ஐந்து வழிகளில் உயிரைக் கேட்கும் வழி ஒன்றும் இல்லை.

அடுத்த முறை விண்ணப்பத்தாள் கைக்கு வரும்போது, அவ்வரிக்கு நேரே உண்மையை எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைத்து எழுதுங்கள். கடன் தீரத் தொடங்குவது அத்தாளிலிருந்தே.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. 20,000 ரூபாய் தண்டலில் 17,000 கையில் பெற்று, நாளொன்றுக்கு 200 வீதம் நூறு நாள் கட்டினால் வட்டி எவ்வளவு? அதே தொகை ஆண்டுக்கு 12 வீதம் சங்கத்தில் எவ்வளவு ஆகும்?
2. எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் நகையே இல்லை என்று கொண்டால், எந்தக் கடன்காரரிடம் முதலில் பேச வேண்டும்? ஏன்?
3. நமது சங்கத்தில் வேறு கடன் உண்டு என்று உண்மையை எழுதிய அங்கத்தினர் இதுவரை எவ்வாறு நடத்தப்பட்டார்? இனி எவ்வாறு நடத்தப்பட வேண்டும்?